தஞ்சாவூர்ச் சபையில் காய்க்காத கிளை

ஏற்காட்டிலிருந்து சேர்வராயன் கோயிலுக்குப் போகிற வழியெங்கும் காப்பித் தோட்டங்கள். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்து வைத்ததில் தொடங்குகிறது இந்தத் தோட்டங்களின் கதை. மேலே குகைக்குள் இருக்கும் சேர்வராயன், மலையாளிப் பழங்குடி மக்களின் சாமி. மே மாதத் திருவிழாவும் அவர்களுடையது. அவர்களுக்குப் பிரசங்கம் செய்ய நாம் வரவில்லை. நமக்கு இங்கே வேண்டியது அந்த மிளகுக் கொடி மட்டும்தான். தாய்க்கொடியிலிருந்து அறுந்து மரத்தில் தொங்கும் கிளை சில நாள் பச்சையாகவே இருக்கும், ஆனால் காய்க்காது. யோவான் நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் இயேசு திராட்சைச் செடியைக் காட்டிச் சொல்வதும் இதைத்தான்.

இந்தப் பகுதியை வைத்து நாம் எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. உன் பலத்தை நம்பாதே, ஆண்டவரை நம்பு, கனி கொடு என்பார்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் சேரிக்காரர்கள். நம்புவதற்கு அவர்களிடம் என்ன பலம் இருந்தது? நிலமா, பதவியா, பிறப்பா? பட்டினி கிடப்பவனைப் பார்த்து விரதம் இரு என்று சொல்வது போலத்தான் இது. சுயமரியாதை வேறு, குலப்பெருமை வேறு. யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகன் கண்டித்தது இரண்டாவதை. ஆபிரகாமின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களிடம், அது செல்லாது, மனந்திரும்பியதற்குக் கனி எங்கே என்று கேட்டார். நம் ஊரில் ஆபிரகாமின் இடத்தில் எது உட்கார்ந்தது என்பதைத் தஞ்சாவூர்ச் சபையின் வரலாறு சொல்கிறது.

ஸ்வார்ட்ஸ் ஐயர் வளர்த்த சபை அது. அவர் 1798-ல் இறந்த பிறகு கோலாஃப் நடத்தினார். கோயிலுக்குள் வேளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறையர் கிறிஸ்தவர்கள் இன்னொரு பக்கம். திருவிருந்திலும் முந்தியவர் யார், பிந்தியவர் யார் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. 1820-களில் இளம் மிஷனரிகள் இதை மாற்றப் பார்த்தபோது எதிர்த்து எழுதியவர் வேதநாயகம் சாஸ்திரியார். கீர்த்தனைகளையும் கல்யாணப் பூமாலையையும் தடுக்கக் கூடாது என்று அவர் வாதாடியதில் நியாயம் இருந்தது. தமிழ்ப் பாட்டை வெள்ளைக்காரர் ஏன் தடுக்க வேண்டும்? ஆனால் அதே மூச்சில் சாதி வரிசையையும் அவர் காப்பாற்ற நினைத்தார். அதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

1833-ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி முற்றிலும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளர்கள் திரளாக விலகினார்கள். 1847-ல் மதுரை அமெரிக்க மிஷன் தன் ஊழியர்களை ஒரே பந்தியில் சாப்பிடச் சொன்னது. மறுத்த உபதேசியார்கள் பலர் நீக்கப்பட்டார்கள். லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும், சாதி ஒரு சமூக வழக்கம்தானே என்று பொறுத்துப் போனது. மிஷனரிகளையும் புனிதர்களாக்க வேண்டியதில்லை. அவர்களுடைய பங்களாச் சாப்பாட்டு மேசையில் எத்தனை தமிழர்கள் உட்கார்ந்தார்கள் என்று கேட்கலாம். ஆனால் பிரதிஷ்டை, ஞானஸ்நானம், ஜெபம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட ஒரு கூட்டம் ஒரு கவளம் சோற்றில் நின்றுபோனது. அவர்கள் எதை நம்பி வாழ்ந்தார்கள் என்பது அங்கே தெரிந்துவிட்டது.

ஆவியின் கனி என்று ஒன்பதைப் பவுல் அடுக்குகிற பகுதி எல்லோருக்கும் மனப்பாடம். அது கலாத்தியர் 5-ஆம் அதிகாரம். அதே கடிதத்தின் 2-ஆம் அதிகாரத்தை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. அதில் இருப்பது பந்திச் சண்டை! புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொள்கிறார். பவுல் எல்லோர் முன்னாலும் அவர் முகத்துக்கு நேரே எதிர்க்கிறார். அன்பு, சமாதானம், தயவு என்று பின்னால் சொல்வதெல்லாம் இந்தப் பந்தியைத் தாண்டித்தான் வருகிறது.

அதே தஞ்சாவூர்ச் சபையிலிருந்து ஒரு கனியும் வந்தது. திருவிதாங்கூரின் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன், சாம்பவர் சமூகத்தவர். கோயிலுக்குள் நுழைய உரிமையில்லாத சாதியில் பிறந்தும் சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டவர். தஞ்சாவூரில் கோலாஃபின் பிரசங்கத்தைக் கேட்டார். வேதமாணிக்கம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். காட்டிக்கொள்ளக் குலமோ சொத்தோ அவரிடம் இல்லை. கேட்டதை நம்பினார், ஊருக்குத் திரும்பினார், சொந்த ஜனத்தைச் சேர்த்தார், மிஷனரி வேண்டும் என்று விடாமல் கேட்டார். 1806-ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 1809-ல் கோயில் எழுந்தது. 1816-ல் ரிங்கல்தௌபே கிளம்பியபோது, சபைகளை ஒப்படைத்தது வேதமாணிக்கத்திடம்தான். அடுத்த மிஷனரி வரும்வரை அவற்றைக் காத்தவர் அவர். தென் திருவிதாங்கூரின் சீர்திருத்தச் சபை வரலாற்றை மிஷனரிகளின் பெயர்களோடு தொடங்குகிறவர்கள் இந்தப் பெயரை முதலில் எழுத வேண்டும்.

கத்தோலிக்கத் தரப்பிலும் கதை வேறில்லை. வடக்கன்குளத்தில் வேளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிக் கூடம் வைத்தே கோயில் கட்டினார்கள். 1910-வாக்கில் பங்குத்தந்தை கௌசானல் நடுச்சுவரை இடித்தார். சுவரைத் திரும்பக் கேட்டு வேளாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், கிடைக்கவில்லை. பீடத்தின் முன் கேட்காத காது, கச்சேரியில் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

நூறு ஆண்டுகள் கழித்து, 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். கலவரம் மூண்டது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதி ஆக முடியாது. அரசின் கணக்கில் கோயிலுக்குள் போனால் சாதி போய்விடுகிறது. கல்லறைத் தோட்டத்தின் நடுவில் சுவர் வைத்திருக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன.