பெயரும் எண்ணிக்கையும்: முதல் உலகப்போரில் மாண்ட தமிழகச் சிப்பாய்களின் நினைவு – சிவகிரி வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

போரில் மாண்ட வீரனுக்குக் கல் நட்டு வழிபடுதல் தமிழர்தம் தொன்மையான மரபாகும். தொல்காப்பியம் இதனைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாகப் பகுத்துரைக்கிறது. முதல் உலகப்போரில் கடல் கடந்து சென்று மாண்ட தமிழகச் சிப்பாய்களின் நினைவோ பெரும்பாலும் பேரரசின் வழியாகவே அமைந்தது. இவ்விரு நினைவுமுறைகளுக்கும் இடையிலான வேறுபாட்டைச் சிவகிரி வட்டாரத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாளையத்திலிருந்து பட்டாளத்திற்கு

1783-ஆம் ஆண்டு கர்னல் புல்லர்ட்டன் தலைமையிலான கும்பினிப்படை பாஞ்சாலங்குறிச்சியையும் சிவகிரியையும் தாக்கியது. 1801-இல் பாளையக்காரர் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் பாளையங்களின் படைக்கலங்கள் பறிக்கப்பட்டன; எஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாயின. இதன்பின் திருநெல்வேலிச் சீமையின் படைத்தொழிலுக்கு ஆங்கிலேயரின் பட்டாளமே முதன்மையான வாயிலாயிற்று. இச்சீமையின் தலைமைப் படைத்தளமான பாளையங்கோட்டையின் பெயரையே ஒரு படைப்பிரிவு தாங்கியது. 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை எனும் அப்பிரிவு, 1914 நவம்பரில் ஜெர்மானியர் ஆட்சியிலிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறக்கப்பட்டது. அத்தாக்குதல் தோல்வியில் முடிந்தது. தோல்விக்கான பழியில் பெரும்பங்கு இந்தியச் சிப்பாய்கள்மீது, குறிப்பாக இப்பிரிவின்மீது சுமத்தப்பட்டது. ஆகவே போர் வரலாற்று நூல்களில் இப்பிரிவு அறியப்படுவது அதன் பின்வாங்கலால்தான். அதில் மாண்டோரால் அன்று.

சென்னை மாகாணத்திலிருந்து இப்போருக்குத் திரட்டப்பட்டோர் சுமார் 92,000 பேர். அவர்களுள் 41,000-க்கும் மேற்பட்டோர் சுமைதூக்குதல், சமையல், சாலை அமைத்தல் முதலான பணிகளுக்கெனச் சேர்க்கப்பட்ட போரிடாப் பணியாளர். படைக்கலம் ஏந்தாத இவர்கள் வீரர் எனும் வரையறைக்குள் எளிதில் அடங்காமையால், நினைவிலிருந்து நீங்கும் வாய்ப்பு இவர்களுக்கே மிகுதி.

எண்ணிக்கையாகிய நினைவு

போருக்குப்பின் இந்தியச் சிற்றூர்கள் பலவற்றில் நினைவுத் தகடுகள் பதிக்கப்பட்டன. இன்ன ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவருள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்பதே அவற்றின் வாசக அமைப்பு. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டிலுள்ள தகடு இதற்குத் தக்க சான்றாகும். சென்றவர் 277 பேர், மாண்டவர் 14 பேர் என அது கூறுகிறது; பதினான்கு பெயர்களுள் ஒன்றையும் கூறவில்லை.

இம்முறை சிற்றூரோடு நின்றுவிடவில்லை. 1917-இல் நிறுவப்பெற்ற பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம், தகுதியும் பதவியும் பாராது மாண்டோர் அனைவரையும் சமமாக நினைவுகூர்தலைத் தன் கொள்கையாகக் கொண்டது. பிரான்சில் 1927-இல் திறக்கப்பட்ட நூவ் சாப்பல் நினைவகத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் ஈராக்கில் 1929-இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவகத்தில் பிரித்தானியர் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் மட்டுமே இடம்பெற்றன. இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுதோறும் வெறும் எண்ணிக்கையாகக் குறிக்கப்பட்டனர். ஐரோப்பிய மண்ணில் பின்பற்றப்பட்ட கொள்கை ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தளர்த்தப்பட்டது என்பதை இவ்விரு நினைவகங்களின் ஒப்பீடு காட்டுகிறது. 2021-இல் அவ்வாணையத்தின் சிறப்புக்குழு, 45,000 முதல் 54,000 வரையிலானோர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என ஏற்றுக்கொண்டது. அவர்களுள் இந்தியரும் அடங்குவர்.

நடுகல் காட்டும் மாற்று

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துப் பொறித்த நடுகல், ஆகோள் பூசலில் மாண்ட அந்தவன் என்பானின் பெயரையும் பூசல் நிகழ்ந்த ஊரின் பெயரையும் தருகிறது. செங்கம் வட்டாரத்துப் பல்லவர்கால நடுகற்கள், அரசனின் ஆட்சியாண்டோடு வீரனின் பெயரையும் அவன் மாண்ட சூழலையும் பதிவு செய்கின்றன. எழுத்தில்லாத நடுகற்களும் உள. எனினும் அங்குக் கல்லைச் சூழ்ந்த வழிபாடும் வாய்மொழி மரபும் வீரனின் அடையாளத்தைக் காத்துவந்தன. நடுகல்லை எழுப்பியோர் மாண்டவனை அறிந்த உறவினரும் ஊராரும் ஆவர். தகட்டைப் பதித்த அரசுக்கோ, அவன் திரட்டப்பட்ட ஆளெண்ணிக்கையின் ஒரு கூறு. நினைவு யாருக்காக எழுப்பப்படுகிறது என்பதே பெயரின் இருப்பையும் இன்மையையும் முடிவு செய்கிறது எனலாம்.

முடிவுரை

கல்லில் இடம்பெறாத பெயர்கள் பல, ஆவணத்தில் இடம்பெற்றுள்ளன. போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் இந்தியச் சிப்பாய்கள் பலருக்குத் தந்தை பெயரும் ஊர், வட்டம், மாவட்டப் பெயர்களும் குறிக்கப்பட்டுள்ளன. ஆயின் அவை ஆங்கிலேயர் காலத்து எழுத்துமுறையில் சிதைந்தும், பழைய நிருவாகப் பிரிவுகளின்கீழும் உள்ளன. அன்று திருநெல்வேலி மாவட்டத்துச் சங்கரநயினார்கோவில் வட்டத்தில் அடங்கியிருந்த சிவகிரி, 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளது. இத்தகைய மாற்றங்களை அறிந்து, பதிவிலுள்ள ஊரை இன்றைய ஊரோடு பொருத்துதல் வட்டார வரலாற்றாய்வாளருக்கே எளிதில் இயலும். அப்பணி நிறைவேறுமாயின், ஒரு நூற்றாண்டாக எண்ணிக்கையாக நின்றவர்கள் தத்தம் ஊருக்குப் பெயரோடு திரும்புவர்.