முப்பது வயசுல கடையை மூடச் சொன்னா?

'டாம் ஜோன்ஸ்'னு சொன்னா நிறைய பேரு, "ஓ, ஆஸ்கார் வாங்குன படமா?"ன்னு கேப்பாங்க. 1963ல வந்த படம், சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்குச்சு, வாஸ்தவம்தான். ஆனா அந்தக் கதையை 1749ல எழுதின ஹென்றி ஃபீல்டிங் நாவல் பக்கம் வந்தது ஆசைப்பட்டு இல்ல. அவரு நல்லா பண்ணிக்கிட்டிருந்த தொழிலை அரசாங்கம் சட்டம் போட்டு மூடிடுச்சு. அந்தக் கதை இது.

ஃபீல்டிங் 1707ல இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் பிறந்தவர். ஈட்டனில் படிப்பு, பெரிய இடத்து சொந்தபந்தம், கையில மட்டும் காசு கிடையாது. 20 வயசுலயே, 1728ல, லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் முதல் நாடகம் போட்டார். அப்புறம் ஹாலந்து போய் லைடன் பல்கலைக்கழகத்துல சேர்ந்து, படிப்பை முடிக்காமலே திரும்பி வந்து, மறுபடியும் நாடகம். பத்து வருஷத்துக்குள்ள இருபதுக்கு மேல எழுதித் தள்ளிட்டார். கட்டைவிரல் உயரமே இருக்கிற ஒரு மாவீரனை வெச்சு, அந்தக் காலத்து வீராவேச நாடகங்களை நக்கலடிச்ச 'டாம் தம்' (1730) செம ஹிட்.

அதோட நிறுத்தியிருந்தா பிரச்சினை இல்ல. மனுஷன் அரசியல்ல கை வெச்சார். அப்போ ஆட்சி ராபர்ட் வால்போல் கையில. இங்கிலாந்தின் முதல் பிரதமர்னு பொதுவா சொல்றது இவரைத்தான். 1736ல வந்த 'பாஸ்க்வின்' நாடகத்துல தேர்தல், ஓட்டுக்கு லஞ்சம் எல்லாம் உண்டு (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குல்ல?). அறுபது நாளுக்கு மேல ஓடுச்சு. அடுத்த வருஷம் இன்னொரு நாடகம். அதுல வால்போல் மாதிரி ஒருத்தர் எதிர்க்கட்சி ஆளுங்களுக்குக் காசு குடுத்துட்டு பிடில் வாசிக்கிறார், அவங்க ஆடுறாங்க. ஆட ஆட, ஓட்டைப் பாக்கெட் வழியா காசெல்லாம் கீழே கொட்டுது. அதையும் அவரே பொறுக்கிக்கிறார்!

வால்போல் சும்மா இருப்பாரா? 1737 ஜூனில் நாடக உரிமச் சட்டம் வந்துடுச்சு. லண்டனில் வசன நாடகம் போட ரெண்டே ரெண்டு அரங்குக்குத்தான் அனுமதி. புது நாடகம் எதுவா இருந்தாலும் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லின்கிட்ட முன்கூட்டியே காட்டணும். ஃபீல்டிங் நாடகம் போட்டுக்கிட்டிருந்த ஹேமார்க்கெட் சின்ன அரங்கு அந்த ரெண்டுல இல்ல. ஆட்டம் க்ளோஸ்.

அப்போ அவருக்கு வயசு 30. வீட்ல பொண்டாட்டி, புள்ளைங்க. எனக்கும் அந்த வயசு பக்கத்துல வந்துடுச்சு; நாளைக்கு ஒரு சட்டம் போட்டு இனிமே நீ கோடு எழுதக்கூடாதுன்னு சொன்னா என்ன பண்ணுவேன்னு யோசிச்சுப் பார்த்தேன். பதில் வரல. ஃபீல்டிங் அதே வருஷம் மிடில் டெம்பிளில் சட்டம் படிக்கச் சேர்ந்து, மத்தவங்க ஆறேழு வருஷம் எடுக்கிற படிப்பை மூணு வருஷத்துக்குள்ள முடிச்சு 1740ல வக்கீல் ஆயிட்டார்.

வக்கீல் வருமானம் பத்தல. அந்த நேரத்துல ரிச்சர்ட்சனின் 'பமேலா' நாவல் ஊரையே கலக்கிக்கிட்டிருந்துச்சு. அதைக் கிண்டல் பண்ணப் போய்த்தான் நம்மாளு நாவல்ல இறங்கினார். 1742ல 'ஜோசஃப் ஆண்ட்ரூஸ்'. 1749ல 'டாம் ஜோன்ஸ்', மொத்தம் 18 பாகம். ஒவ்வொரு பாகத்தோட முதல் அத்தியாயத்துலயும் கதையை ஓரமா வெச்சுட்டு வாசகரோட நேரா பேசுறார். முதல் பாகத்துல தன்னை ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரா வெச்சுக்கிட்டு, இன்னிக்கு என்ன ஐட்டம்னு பட்டியல் போடுறார். அந்தக் காலத்துப் பதிவர்னே சொல்லலாம்.

நடுவுல 1744ல மனைவி சார்லட் இறந்துட்டாங்க. 1748ல மாஜிஸ்ட்ரேட் வேலை கிடைச்சுது. திருடனைப் பிடிக்க ஆறேழு பேரை வெச்சு அவர் ஆரம்பிச்ச குழுதான் பின்னாடி 'போ ஸ்ட்ரீட் ரன்னர்ஸ்' ஆச்சு. லண்டன் போலீஸுக்கு முன்னோடி. ஆனா உடம்பு போயிடுச்சு. கீல்வாதம், நீர்க்கோவை, ஆஸ்துமா. காத்து மாறினா சரியாகும்னு 1754ல லிஸ்பன் கப்பல்ல ஏறினார். நடக்க முடியாம நாற்காலியில வெச்சுத் தூக்கித்தான் ஏத்தினாங்க. அந்த அக்டோபரிலேயே, 47 வயசுல, லிஸ்பனில் இறந்துட்டார். சமாதியும் அங்கேதான்.

"சட்டம் வந்ததாலதான் நாவல் கிடைச்சுது, நல்லதுதானே?"ன்னு கேக்கலாம். எனக்கு அப்படித் தோணல. அவரு தப்பிச்சது அவர் திறமை. அவரை மாதிரி வேற வழி தெரியாம எழுதுறதையே விட்டவங்க எத்தனை பேரோ, அவங்க பேரு நமக்குத் தெரியாது. இங்கிலாந்துல அந்த நாடகத் தணிக்கை ஒழிஞ்சது 1968ல, அதாவது 231 வருஷம் கழிச்சு.

நம்ம ஊரும் சளைச்சதில்ல. வெள்ளைக்காரன் 1876ல இந்தியாவுக்குன்னு ஒரு நாடகச் சட்டம் போட்டான். சுதந்திரம் வந்தப்புறம் 1954ல சென்னை மாநிலம் தனியா ஒண்ணு போட்டுச்சு, எம்.ஆர். ராதாவை மனசுல வெச்சுப் போட்டதுன்னு சொல்வாங்க. அதை எதிர்த்து நம்ம ஞாநி வழக்குப் போட்டு, 2013ல சென்னை உயர்நீதிமன்றம் அதோட முக்கியப் பிரிவுகள் செல்லாதுன்னு சொல்லிடுச்சு.

வால்போல் போட்ட பிள்ளையார் சுழி எவ்வளவு தூரம் வந்திருக்கு பாருங்க.