வாக்ரி

தைப்பூசக் காலத்தில் குன்றக்குடி மலையடிவாரத்தில் துணி விரித்து ஊசியும் பாசியும் விற்றுக்கொண்டிருந்த பெண்மணி ஒருவர், காரைக்குடியிலிருந்து வந்திருந்த மூதாட்டியிடம், "பவழ நிறம் ஆச்சி, கையில வாங்கிப் பாருங்க" என்று நம்மூர்த் தமிழில் சொல்லிவிட்டு, பாசி கோத்த கை நிற்காமலே, மடியில் கிடந்த குழந்தையிடம் வேறொரு பாஷையில் பேசத் தொடங்கினார். அந்தப் பாஷை நம் செவியில் விழாத திருவிழா இல்லை. ஆயினும் அதன் பெயரை விசாரித்தவர் மிகச் சிலரே.

அதைப் பேசும் மக்களை நாம் நரிக்குறவர் என்கிறோம். குறவர் என்பதோ குறிஞ்சி நிலத்துத் தொல்குடியின் பெயர். குறவஞ்சி என்னும் நாடக வகைக்கே பெயர் தந்த சொல். வடமேற்கு இந்தியாவிலிருந்து வந்த இவர்களுக்கும் அக்குடிக்கும் பாஷா சம்பந்தம் ஏதுமில்லாதிருக்க, இவர்கள் ஊர் ஊராய்ச் செல்வதையும் நரி வேட்டையாடுவதையும் கண்டு, கைவசம் இருந்த பழம்பெயரோடு நரியைச் சேர்த்து நாமே சூட்டிய பெயர் அது. அவர்கள் தம்மை வாக்ரி என்றும், குஜராத்திக்கு உறவான தம் மொழியை வாக்ரிபோலி என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அம்மொழியைப் பற்றி ஜி. சீனிவாச வர்மா எழுதிய ஆராய்ச்சி நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970-இல் வெளியிட்டது.

வடமொழியில் வாகுரா என்றால் வேட்டை வலை; வாகுரிகன் அவ்வலையை விரிப்பவன். வாக்ரி அதன் வழிவந்த சொல் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அவ்வாறு கொண்டால், கண்ணி வைத்துப் பறவை பிடிப்பதைப் பார்த்து நம்மவர் இட்ட மற்றொரு பெயராகிய குருவிக்காரர் என்பது, தன்னை அறியாமலே உண்மையின் அருகே வந்து நிற்கிறது.

பிறர் பெயர் சூட்டுவது இங்கு மட்டும் நடப்பதன்று. கனடாவின் வடமேற்கில் மக்கென்சி நதிப் பிரதேசத்து டெனே மக்களின் கதை இதனினும் கொடியது. டெனே என்றால் மக்கள் என்றே பொருள். கரடி ஏரி மக்கள், மலை மக்கள் என்று இருப்பிடத்தால் தம்மைக் குறித்துக்கொண்டு, கிளைமொழிகளையும் அவ்வாறே பகுத்துணரும் அவர்களை, அண்டைப் பகைவரான கிரீ குடியினர் அடிமை என்று பொருள்படும் சொல்லால் அழைக்க, ஐரோப்பிய வணிகர் அதை மொழிபெயர்த்து, மொழிக்கு ஸ்லேவி என்றும், மாபெரும் ஏரி ஒன்றுக்கு அடிமை ஏரி என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். இன்று கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களின் 11 ஆட்சிமொழிகளில் வட ஸ்லேவியும் தென் ஸ்லேவியும் அப்பெயராலேயே இடம்பெற்றுள்ளன.

இங்கும் அவ்வாறே நேர்ந்தது. நெடுங்காலக் கோரிக்கைக்குப் பின், 2023-இல் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் வாக்ரி மக்களைச் சேர்த்தது மகிழத்தக்க செயலே. ஆயினும், பட்டியலில் பொறிக்கப்பட்டவை நரிக்குறவன், குருவிக்காரன் என்னும் இரண்டு பெயர்கள். வாக்ரி என்னும் சொல் அதில் இல்லை.