பூஜை அறையில் 'ஜெர்மனி' முத்திரை போட்ட பீங்கான் சாமி இருக்கா? விற்கும் முன் இதைப் படிங்க!

தாத்தா காலத்துப் பீங்கான் லட்சுமியோ சரஸ்வதியோ வீட்டில் இருந்தால், ஒருமுறை அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. 'ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் இருந்தால், அது 100 வருஷத்தைத் தாண்டிய பொருளாகக்கூட இருக்கலாம்.

ஜெர்மனிக்கும் லட்சுமிக்கும் என்ன சம்பந்தம்?

ராஜா ரவிவர்மா 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். இயந்திரங்களும் தொழில்நுட்ப ஆட்களும் ஜெர்மனியில் இருந்து வந்தார்கள். அங்கு அச்சான சாமி படங்கள் வீடு வீடாகப் பரவின. அந்தப் படங்களை மாதிரியாக வைத்து, இந்தியச் சந்தைக்காகவே ஜெர்மனியில் பீங்கான் சாமி பொம்மைகள் தயாராகின. நகரத்தார் வீடுகளில் இவை இடம்பிடித்தன. மதுரை பசுமலையில் இருந்து காரில் சுமார் 2 மணி நேரத்தில் காரைக்குடி போய்விடலாம். அங்குள்ள முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு, செட்டிநாட்டு வீட்டுச் சாமான்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன.

சுவரில் மாட்டும் பீங்கான் ஓவியம்?

இது வேறு ரகம். பெர்லினில் 1763 முதல் இயங்கும் அரச பீங்கான் ஆலையான கேபிஎம், 19-ம் நூற்றாண்டில் தட்டையான பீங்கான் பலகைகளைத் தயாரித்தது. அவற்றில் வீனஸ், க்யூபிட் போன்ற கிரேக்க, ரோமானியப் புராணக் காட்சிகளை ஓவியர்கள் வரைந்து சூளையில் சுட்டார்கள். வெறும் பலகையை வாங்கி வரைந்த வெளி ஓவியர்களும் உண்டு. அதனால் ஆலை முத்திரை மட்டும் ஓவியத்தின் தரத்தைச் சொல்லிவிடாது.

எப்படி கண்டுபிடிப்பது?

* பூதக்கண்ணாடியில் பாருங்க. வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. தூரிகைக் கோடுகள் தெரிந்தால் கைவேலை.
* கேபிஎம் பலகையின் பின்புறம் அந்த எழுத்துகளும் செங்கோல் சின்னமும் பீங்கானிலேயே அழுத்திப் பதிந்திருக்கும்.
* நாட்டின் பெயரைப் போடும் வழக்கம், 1887-ல் வந்த பிரிட்டிஷ் சட்டத்துக்குப் பிறகே பரவியது.
* 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949-க்குப் பிந்தையது.

நாரை வைத்துத் தேய்க்காதீங்க. தங்கப் பூச்சும் வண்ணமும் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருள் 'தொல்பொருள்'. அதைத் தனிநபர்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை.

அதனால், வீட்டைக் காலி செய்யும்போது பழைய சாமானோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீங்க. முதலில் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்க. விலை பேசுவது அப்புறம்!