குழாயின் ஆயுளும் ஆலங்குளத்துச் சுண்ணாம்பும்

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் 1970-இல் அரசு சிமெண்ட் ஆலை எழக் காரணம், அந்த வட்டாரத்து மண்ணுக்கடியில் கிடந்த சுண்ணாம்புக்கல். தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் 1976-இல் அமைந்த பிறகு ஆலை அதன் கைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1960-களின் தொடக்கத்தில், இதே மாவட்டத்தின் ஆர்.ஆர். நகரில் தனியார் சிமெண்ட் ஆலை உருவானதும் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். ஆலைக்குக் கல்லைக் கொடுத்த பூமி, வீட்டுக் கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் அந்தக் கல்லின் கரைசலைக் கொடுக்கிறது. வீட்டுக் குழாய்கள் எத்தனை வருஷம் வரும், எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு இங்கே பதில் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தண்ணீரைத்தான். குழாய்க்குப் பதினைந்து இருபது வருஷம், கழிவறைப் பீங்கான் கோப்பைக்கு ஐம்பது வருஷம் என்று மேலைநாட்டுப் பராமரிப்பு அட்டவணைகள் சொல்கின்றன. நாள் முழுக்கச் சீரான அழுத்தத்தில் சுத்திகரித்த நீர் ஓடும் வீடுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. இந்தக் கரிசல் பூமியில் ஒரு குழாயின் ஆயுளைத் தீர்மானிப்பது வேறொன்று: அதில் தேய்கிற சின்ன உறுப்பு பக்கத்து ஊர்க் கடையில் கிடைக்கிறதா, அதைக் கழற்றி மாட்ட உள்ளூரில் ஆள் இருக்கிறதா என்பது. இந்தப் பகுதியில் தண்ணீர் எடுத்த கருவிகளின் வரலாறே அதற்குச் சாட்சி.

கமலையிலிருந்து தொடங்கலாம். மாடுகள் பின்வாங்கி முன்னேறி இழுத்த அந்த இறைப்பில் இரும்புக் கூனை, அதன் அடிவாயில் கட்டிய தோல் தும்பி, வடம், வால்கயிறு, மேலே உருளை என்று பல பாகங்கள். கூனையும் உருளையும் வருஷக்கணக்கில் நின்றன. தும்பியும் கயிறும் தேய்ந்தன. தேய்ந்ததைத் தைக்கவும் மாற்றவும் தோல்வேலை செய்பவர் ஊரிலேயே இருந்தார், இரும்பில் ஓட்டை விழுந்தால் கொல்லர் பட்டறை இருந்தது. குடிதண்ணீர்க் கிணற்று ராட்டினத்துக்கும் இதே கதைதான்: கயிறு மாறும், ராட்டினம் நிற்கும். எது தேய வேண்டுமோ அதை மலிவானதாகவும் எளிதில் கழற்றக்கூடியதாகவும் வைத்த அமைப்பு அது. கமலை எத்தனை வருஷம் வரும் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கைப்பம்பு வந்தபோது இந்த ஒழுங்கு உடைந்தது. வறட்சிக் காலங்களில் கிராமம் கிராமமாக ஆழ்துளைக் கிணறு போட்டு, அதன் மேல் வார்ப்பிரும்புப் பம்புகளை நட்டார்கள். அவை மேலைநாட்டில் ஒரு பண்ணை வீட்டின் உபயோகத்துக்கென்று அமைந்த பம்புகளின் நகல்கள். அங்கே ஒரு குடும்பம் சில வாளி இறைத்ததற்கு வருஷக்கணக்கில் தாங்கின, இங்கே ஒரு தெருவே விடியலிலிருந்து இருட்டும் வரை அடித்தபோது சில மாதங்களில் ஓய்ந்தன. 1970-களின் நடுவில் நாட்டின் கைப்பம்புகளில் பெரும்பகுதி வேலை செய்யாமல் நின்றது. அந்தத் தோல்வியிலிருந்துதான், சோலாப்பூர் பம்பை அடியொற்றி, யுனிசெப் துணையோடு சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு கிரட்டாஸ் நிறுவனம் ‘இந்தியா மார்க் 2’ பம்பை உருவாக்கியது. 1979-இல் அதற்கு இந்தியத் தரநிர்ணயமும் வந்தது. தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்திலும் பார்க்கக்கூடிய அடிபம்பு அதுதான். உறுதியானது, ஆனால் சிலிண்டருக்குள் இருந்த தோல் வாஷர் தேய்ந்தால் மொத்தக் குழாயையும் முக்காலி கட்டி மேலே தூக்க வேண்டும். அதற்கு வண்டியும் ஆட்களும் வந்தாக வேண்டும். ஒரு சின்ன வாஷருக்காகப் பம்பு வாரக்கணக்கில் சும்மா நின்றது. 1980-களில் கோயம்புத்தூர் மாவட்டத்தில் நடந்த களச் சோதனையில் தோலுக்குப் பதிலாக நைட்ரைல் ரப்பர் வாஷர் போட்டுப் பார்த்தார்கள். அது பல மடங்கு நாள் தாங்கியது. அங்கேயே உருவான ‘மார்க் 3’-இல் குழாயை அகலமாக்கி, அதைத் தூக்காமலே பிஸ்டனை மட்டும் வெளியே உருவும்படி செய்தார்கள். பம்பின் ஆயுளைக் கூட்ட அந்தப் பொறியாளர்கள் இரும்பின் கனத்தை மட்டும் நம்பவில்லை. தேயும் உறுப்பை மனிதக் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். நம் வீட்டுக் குழாய்களைப் பற்றிச் சிந்திக்க இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள் குழாய் வந்த கதையில் இங்கே மூன்று எதிரிகள். முதலாவது சுண்ணாம்பு. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போதும் காற்றுப்பட்டுக் காயும்போதும் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. கீசர் கம்பியிலும் ஷவர் துளையிலும் குழாய் வாயிலும் ஒட்டும் வெள்ளைப் பாறை அதுதான். குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு ஆதாரமே இல்லையென்றால் 600 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். அந்த 600 என்ற எல்லையே இப்படிப்பட்ட ஊர்களின் நிலைமைக்காகத்தான். கடினநீர் குழாயின் உட்சுவரில் மெல்லிய பூச்சாகப் படிந்து இரும்பைத் துருவிலிருந்து காக்கும் என்று வாதிடுவோர் உண்டு. குளிர்ந்த நீர் இடைவிடாமல் ஓடும் லைனில் அது உண்மையே. ஆனால் உப்பு மிகுந்த தண்ணீரில் அந்தப் பூச்சு சீராக நிற்காது. விட்ட இடத்தில் துரு குழி பறிக்கும். அதோடு இங்கே தண்ணீர் இடைவிடாமல் ஓடுவதும் இல்லை. இரண்டாவது எதிரி அதுதான். 1920-களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் காலூன்ற உதவிய வறண்ட வானம், குடிதண்ணீரை முறை வைத்து விடும் நிலையையும் கொடுத்தது. லைன் காலியாகும்போது குழாய்க்குள் காற்று புகுகிறது. நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) சீக்கிரம் துருப்பிடிக்கிறது. மறுபடி தண்ணீர் விடும்போது காற்றும் மண்ணும் முன்னால் சீறி வந்து வாஷரையும் வால்வையும் அடிக்கின்றன. மூன்றாவது கரிசல் மண். மழையில் உப்பிக் கோடையில் வாய்பிளக்கும் மண்ணில் புதைத்த விறைப்பான குழாய் இணைப்பில் முறிகிறது. கரூர் மாவட்டத்து மாயனூரில் அரசு ஆலை வார்த்த ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்களைக் கடினநீர் கரைக்காது. சுண்ணாம்பு நீர் சிமெண்டுக்கு உறவு. ஆனால் அந்த வகைக் குழாயை நகரும் கரிசல் உடைக்கும், உடைந்ததை அறுக்கும்போது எழும் தூசி மூச்சுக்கு ஆபத்து.

இவற்றில் முதல் இரண்டையும் பழைய பித்தளைத் திருகு குழாய் ஓரளவு சமாளித்தது. உள்ளே ஒரு ரப்பர் வாஷர். சொட்டினால் ஸ்பேனர் போட்டுத் திறந்து, சில ரூபாயில் புதியது போட்டால் முடிந்தது. இப்போது பரவியிருக்கும், கால் சுற்றில் திறக்கும் குழாயில் இரண்டு செராமிக் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி நீரை அடைக்கின்றன. சுத்தமான நீரில் அது அருமையான கண்டுபிடிப்பு, வாஷரைவிடப் பல மடங்கு உழைக்கும். இங்கேயோ சுண்ணாம்பு அதைப் பிடித்து இறுக்குகிறது, மண் துகள் வட்டில் கீறல் போடுகிறது. அந்தக் கார்ட்ரிட்ஜ் கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வேறு. சிவகாசியிலோ ராஜபாளையத்திலோ அதே மாடலுக்குக் கிடைக்கவில்லை என்றால் பளபளக்கும் முழுக் குழாயும் குப்பைக்குப் போகிறது. உடம்பு இருபது வருஷம் வரக்கூடியது, உறுப்பு கிடைக்காததால் மூன்றாம் வருஷமே கழிகிறது.

மாற்றுவதைவிடப் பழுதுபார்ப்பதே மேல் என்ற இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு, அவற்றில் நியாயமும் உண்டு. பழையதையே ஒட்டுப்போட்டுக் காப்பது தண்ணீரை வீணாக்கும் என்பது ஒன்று. கழிவறைத் தொட்டி விஷயத்தில் இதை முழுவதும் ஏற்கிறேன். ஒரு தடவைக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டும் பழைய தொட்டியைக் கழற்றி, 6 லிட்டரும் 3 லிட்டரும் விடும் இரட்டைப் பொத்தான் தொட்டி வைப்பது, விலை கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் சிக்கனம். பீங்கான் கோப்பையை அதற்காக உடைக்கலாமா என்பது, அந்தக் கோப்பை குறைந்த நீரில் சுத்தமாகிறதா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டியது. உடல்நலம் இன்னொன்று. துரு ஏறிய ஜி.ஐ. லைனையும், ஈயம் கலந்த பழைய பி.வி.சி. குழாயையும் காப்பாற்றுவதில் பெருமை இல்லை, பி.வி.சி. குழாய்களில் ஈயக் கலப்பைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021-இல்தான் விதி கொண்டுவந்தது. பிளம்பர் கூலி புதுக் குழாய் விலையைத் தொடுகிறதே என்பது மூன்றாவது, இதுவே கனமானது. ஆனால் வாஷர் மாற்றப் பட்டம் தேவையில்லை. அடிபம்பைப் பழுதுபார்க்கக் கிராமப் பெண்களே பயிற்சி பெற்றுச் செய்துகாட்டியிருக்கிறார்கள். வீட்டுக் குழாய் அதைவிட எளிது.

எனவே எப்போது மாற்றுவது என்பதற்கு வருஷத்தைவிட அடையாளங்களே நல்ல வழிகாட்டி. புது வாஷர் போட்டும் குழாய் சொட்டினால் அது அமரும் இருக்கை அரித்துவிட்டது. தேய்த்துச் சமன்செய்து பார்த்து, அதற்கும் அடங்காவிட்டால் குழாயை மாற்றலாம். காலையில் முதல் தண்ணீர் பழுப்பாக வந்தாலோ, குழாயைக் கழற்றிய பிறகும் லைனில் நீர் மெலிந்து வந்தாலோ, ஜி.ஐ. லைன் உள்ளே அடைத்துவிட்டது. மரை வெட்டிய இடத்தில்தான் சுவர் மெல்லியது என்பதால் முதல் கசிவு அங்கே வரும். ஓரிடத்தில் வந்தால் மற்ற மரைகளும் பின்தொடரும், துண்டு துண்டாக மாற்றுவது வீண் செலவு. மொட்டை மாடி வெயிலில் கிடக்கும் பி.வி.சி. வெளிறிவிட்டால் தட்டினாலே நொறுங்கும், உடையும் முன் மாற்றுவது நல்லது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஆண்டுக் கணக்கு வேண்டும்: வாஷ்பேசினுக்கும் கீசருக்கும் போகும் பின்னல் கம்பி உறை போட்ட ரப்பர் ஹோஸ். அது அடையாளம் காட்டாமல் வெடிக்கும் என்பதால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கழற்றி எறிந்துவிட வேண்டும்.

2019 ஆகஸ்ட் 15-இல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டம் கிராம வீட்டுக்குக் குழாயும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டரும் என்று இலக்கு வைத்தது. தெருக்குழாயில் குடம் வரிசை வைத்த வட்டாரத்துக்கு அது பெரிய மாற்றம். அந்தக் குழாய் நிலைக்க வேண்டுமானால் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் வாஷரும் வால்வும் ஒரு ஸ்பேனரும் இருப்பில் இருக்க வேண்டும், அவற்றைக் கையாளத் தெரிந்த இருவருக்கு ஊரிலேயே கூலி இருக்க வேண்டும். வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கடையில் குழாயின் விலையைக் கேட்கும் முன் அதன் வாஷரோ கார்ட்ரிட்ஜோ தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்தக் குழாயை வாங்காதீர்கள்.