டோட்டோகால்ச்சோ என்றால் என்ன?

கால்பந்துப் பந்தயத்துக்கு இத்தாலியர்கள் வைத்திருக்கும் பெயர் டோட்டோகால்ச்சோ. 'கால்ச்சோ' என்றால் உதை. கால்பந்து விளையாட்டுக்கும் அங்கே அதுதான் பெயர். (கால்சியத்துக்கும் இதே சொல்தான், ஆனால் சம்பந்தம் கிடையாது!) 'டோட்டோ' என்பது 'டோட்டலிசட்டோரே' என்பதன் சுருக்கம். கட்டிய பணத்தையெல்லாம் ஒன்றாகக் கூட்டி, நடத்துபவர் கமிஷன் போக மீதியை ஜெயித்தவர்களுக்குப் பங்கு போடும் முறை அது. குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது.

இந்த ஆட்டத்தை யோசித்தவர் மாசிமோ டெல்லா பெர்கோலா என்ற விளையாட்டு நிருபர். யூதர் என்பதால் 1938 இனச் சட்டங்களால் வேலையை இழந்தவர். பிறகு சுவிட்சர்லாந்துக்குத் தப்பி ஓடி, அகதி முகாமில் இருந்தபோது போட்ட திட்டம் இது. 1946 மே 5-ல் 'சிசால்' என்ற பெயரில் ஆரம்பித்தது. சீட்டு 30 லிரா, 12 ஆட்டங்கள். உள்ளூர் அணி ஜெயித்தால் 1, வெளியூர் அணி ஜெயித்தால் 2, டிரா என்றால் எக்ஸ். விற்காத சீட்டுகளை முடிதிருத்தும் கடைகளுக்குக் கொடுத்து சவரக்கத்தி துடைக்க வைத்தார்களாம்! ஆனால் 1948-ல் அரசாங்கமே அதை எடுத்துக்கொண்டது. டோட்டோகால்ச்சோ என்ற பெயர் அப்போது வந்ததுதான். 1951-ல் ஆட்டங்கள் 13 ஆயின. இன்றும் 'பதின்மூன்று அடித்தான்' என்றால் அங்கே 'அதிர்ஷ்டம் அடித்தது' என்று பொருள்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. 13 ஆட்டமும் சரியாக வர வேண்டும் என்பதால், ஒரு ஆட்டத்தை விலைக்கு வாங்கி பெரிதாக லாபமில்லை. பரிசும் பங்கு போட்டுத்தான் வரும். ஆனால் 'டோட்டோநேரோ', அதாவது கறுப்பு டோட்டோ, அப்படியில்லை. அந்தக் கள்ளப் பந்தயத்தில் ஒரே ஆட்டத்தின் மேல், முன்பே பேசிய விகிதத்தில் பணம் கட்டலாம். முடிவு முன்கூட்டியே தெரிந்தால் அள்ளிவிடலாம். வீரர்களுக்குக் காசு கொடுக்கும் ஆசை பிறந்தது அங்கேதான்.

ரோமில் ஒரு பழ மொத்த வியாபாரியும் ஒரு ஹோட்டல்காரரும், காசு வாங்கிய வீரர்கள் சொன்னபடி ஆடவில்லை, நஷ்டமாகிவிட்டது என்று புகாரே கொடுத்தார்கள்! 1980 மார்ச் 23-ல் போலீஸ் மைதானங்களுக்கே போய் வீரர்களைக் கைது செய்தது. மிலானும் லாசியோவும் இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டன. பாவ்லோ ரோசிக்கு இரண்டு வருடத் தடை. தான் குற்றமற்றவன் என்றே அவர் கடைசிவரை சொன்னார். தடை முடிந்து வந்து 1982 உலகக் கோப்பையில் 6 கோல் போட்டார், கோப்பையும் இத்தாலிக்கே.

நீதிமன்றமோ எல்லோரையும் விடுவித்தது. ஆட்டத்தை விற்பது அப்போது சட்டப்படி குற்றமே இல்லை. அதற்கான சட்டம் வந்தது 1989-ல்தான்.

'டோட்டோ' மட்டும் தனியே கிளம்பிவிட்டது. புது மந்திரிசபை அமையும்போது யாருக்கு எந்தத் துறை என்று இத்தாலியப் பத்திரிகைகள் எழுதும் யூகங்களுக்குப் பெயர் 'டோட்டோமினிஸ்ட்ரி'.