பஞ்சத்து மீனா, நோன்பு மீனா?

உலர்ந்த மீனைக் காரநீரில் ஊறவைத்து, அந்தக் காரம் போகும்வரை நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி, பிறகு வேகவைத்து உண்ணும் வழக்கம் வட ஐரோப்பாவில் உண்டு. நார்வேக்காரர்கள் இதை லூட்டஃபிஸ்க் என்கிறார்கள். ஸ்வீடனில் லூட்ஃபிஸ்க், பின்லாந்தில் லிபேகலா. வெந்து வரும்போது மீன் மீனாகத் தெரியாது. நுங்கு போலக் கண்ணாடித் தன்மையோடு தட்டில் ஆடும். அடுப்பில் இருக்கும்போது எழும் வாடை வீட்டின் எல்லா அறைகளுக்கும் போய்விடும். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஒரு சாரார் இதற்காகவே காத்திருக்கிறார்கள். இன்னொரு சாரார் அதே மேசையில் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். ஆனால் விரும்புகிறவர்களும் வெறுக்கிறவர்களும் ஒரு கதையை மட்டும் சேர்ந்தே நம்புகிறார்கள்: வேறு வழியில்லாத ஏழைகள் பஞ்சகாலத்தில் கண்டுபிடித்த உணவு இது என்பது. விரும்புகிறவர்களுக்கு அது முன்னோர் பட்ட பாட்டின் நினைவு. வெறுக்கிறவர்களுக்கு, பாடு தீர்ந்த பிறகும் ஏன் இதைச் சுமக்க வேண்டும் என்ற கேள்வி. என் கணிப்பில் அந்தக் கதையே தவறு. லூட்டஃபிஸ்க் பஞ்சத்தில் பிறந்ததல்ல, பஞ்சாங்கத்தில் பிறந்தது.

முதலில் அந்த மீனின் மதிப்பைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் பேரன்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் முட்டையிட நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளுக்கு வருகின்றன. பிடித்த மீனைத் தலை நீக்கி, இரண்டிரண்டாக வாலில் கட்டி, பிப்ரவரி முதல் மே வரை மரப் பரண்களில் தொங்கவிடுகிறார்கள். நம் கருவாட்டைப் போல இதற்கு உப்பு கிடையாது. உறைநிலையை ஒட்டியே நிற்கும் குளிரும் கடற்காற்றும்தான் உலர்த்துகின்றன. ஐந்து கிலோ மீன் ஏறத்தாழ ஒரு கிலோவாகச் சுருங்கி, கட்டைபோல் இறுகி, ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். இந்த உலர்மீன்தான் பல நூற்றாண்டுகள் நார்வேயின் முதன்மையான ஏற்றுமதிச் சரக்கு. பெர்கன் துறைமுகத்தில் 1360 வாக்கில் ஜெர்மானிய ஹான்சா வணிகக் கூட்டமைப்பினர் நிலையாகக் கிடங்கு அமைத்ததும் இதற்காகவே. வடக்கிலிருந்து மீன் வந்தது, தெற்கிலிருந்து தானியம் போனது. விற்றால் மாவு கிடைக்கும் சரக்கைப் பஞ்சகாலத்தில் சாம்பல் கரைத்த காரநீரில் போட்டுவைப்பார்களா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

வறுமையில் உழன்ற மீனவர் இந்த மீனை எப்படித் தின்றார் என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் நகரத்து வணிகர் கப்பல் உடைந்து, 1432-இல் லொஃபோட்டன் தீவுகளின் தென்முனையிலுள்ள ரொஸ்ட்டில் கரை ஒதுங்கினார். மீனவக் குடும்பங்கள் அவரையும் அவருடைய ஆட்களையும் சில மாதங்கள் தங்கவைத்துக் காப்பாற்றின. உலர்ந்த மீனைக் கோடாலியின் பின்புறத்தால் நாராகும்வரை அடித்து, வெண்ணெய் சேர்த்து உண்பார்கள் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். அவர் விவரிக்கும் முறையில் சாம்பலுக்கு வேலையே இல்லை. பசி எடுத்தால் அடித்துத் தின்னலாம். வெறும் தண்ணீரில் ஊறவைத்தும் சமைக்கலாம். இத்தாலியின் விசென்சாவில் இன்றும் இதே மீனைத் தண்ணீரில் ஊறவைத்துப் பாலும் எண்ணெயும் சேர்த்துச் சமைக்கிறார்கள். நைஜீரியாவில் இக்போ மக்கள் இதை ஒகொபொரொகோ என்று அழைத்துக் குழம்பில் போடுகிறார்கள். எங்கும் காரநீர் தேவைப்படவில்லை.

காரநீர் செய்யும் வேலையே வேறு. பிர்ச் போன்ற மரங்களின் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீரில் (இன்று காஸ்டிக் சோடாக் கரைசலில்) மீனை ஊறவைத்தால் அதன் புரதங்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. இடையில் தண்ணீர் புகுந்து மீன் உப்பிப் பெருக்கிறது. அதோடு புரதத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. காரத்தில் சற்று அதிகமாகக் கிடந்தால் மீன் சோப்பாகவே மாறிவிடும். ஊறிய மீனை உடனே உண்ணவும் முடியாது. தினமும் தண்ணீர் மாற்றி மேலும் பல நாள் வைக்க வேண்டும். சத்தில் பாதியை இழந்து, இரண்டு வார உழைப்பைக் கேட்டு, தவறினால் முழுவதும் வீணாகும் ஒரு முறையைப் பட்டினியில் இருப்பவர் தேர்ந்தெடுக்க மாட்டார். புரதம் என்ற சொல் அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாதே என்று மறுக்கலாம். சொல் தெரியாதுதான். எந்தச் சாப்பாடு பனியில் வேலை செய்ய வயிற்றில் நிற்கும், எது நிற்காது என்பது வலை இழுத்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

பிறகு ஏன் செய்தார்கள்? கத்தோலிக்க நாடுகளாக இருந்த நார்வேயிலும் ஸ்வீடனிலும், கிறிஸ்துமஸை நோக்கிய திருவருகைக் காலம் நோன்புக் காலம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவிழிப்பு நாளும் சுத்தபோசன நாள், இறைச்சி கூடாது. ஆண்டின் மிகப் பெரிய விருந்துக்கு முந்தைய இரவில், இறைச்சி இல்லாமலே பண்டிகைக்குத் தகுந்த ஒரு பண்டம் வேண்டியிருந்தது. நாராகக் கடிக்க வேண்டிய மீனை மெத்தென்று ஆக்கியது காரநீர். உருக்கிய வெண்ணெயை ஏந்திக்கொண்டது அந்த மென்மை. ஸ்வீடனில் மீனை ஊறப்போடும் நாளாக வழங்கிவந்தது டிசம்பர் 9, அன்னா நாள். அன்றிலிருந்து கணக்கிட்டால் காரத்துக்கும் அலசலுக்கும் நாள் போதுமானதாகி, மீன் சரியாகப் பண்டிகைக்குத் தயாராகும். பஞ்சம் நாள் பார்த்து வருவதில்லை. ஸ்வீடனில் 1527-இலும் நார்வேயில் 1537-இலும் லூத்தரின் சீர்திருத்தம் அரசின் மதமானது. நோன்பின் கட்டாயம் போயிற்று, மீன் மட்டும் நின்றது.

ஸ்வீடனின் கடைசிக் கத்தோலிக்கப் பேராயர்களில் ஒருவரான ஒலாவுஸ் மாக்னுஸ், நாட்டைவிட்டு வெளியேறி ரோமில் வாழ்ந்தபோது, 1555-இல் வடநாட்டு மக்களைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். மீனைக் கடுமையான காரநீரில் இரண்டு நாள் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் ஒரு நாள் அலசி, வேகவைத்து, வெண்ணெயோடு பரிமாறுவதை அதில் சொல்கிறார். அரசர்களும் விரும்பும் பண்டம் என்கிறார். தாய்நாட்டைப் பிரிந்தவர் மிகைப்படுத்தியிருக்கலாம் என்பது நியாயமான ஐயம். அரசர்கள் விரும்பியதை வேண்டுமானால் தள்ளுபடி செய்யலாம். ஆனால் இத்தாலியரிடம் தன் நாட்டைப் பெருமையாகக் காட்ட வந்தவர் ஏழைகளின் கடைசிப் புகலிடத்தை எடுத்துக் காட்டமாட்டார். அவர் காலத்தில் இது கௌரவமான உணவு என்பதற்கு அதுவே போதும்.

பஞ்சக் கதை வேரூன்றிய இடம், நான் பார்க்கும் வரையில், அமெரிக்கா. 1825 முதல் ஒரு நூற்றாண்டில் 8 லட்சம் அளவுக்கு நார்வேக்காரர்கள் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். மினசோட்டா, விஸ்கான்சின், டகோட்டா சமவெளிகளில் கடல் இல்லை. ஆனால் கெடாத உலர்மீன் அங்கும் வந்துசேர்ந்தது. பேரப்பிள்ளைகளுக்கு மொழி போனது, லூத்தரன் தேவாலய விருந்தில் ஆண்டுக்கு ஒரு முறை இந்த மீன் தங்கியது. பாடுபட்டு நிலம் திருத்திய குடும்பங்களுக்கு, பாடுபட்ட முன்னோரின் உணவு என்ற கதை பொருந்திப்போயிற்று. அயர்லாந்தில் வைகிங்குகளை ஒழிக்கப் புனித பேட்ரிக் மீனில் காரம் கலந்தார், அவர்களோ விரும்பித் தின்றார்கள் என்ற கதையும் அங்கே உலவுகிறது. பேட்ரிக் 5-ஆம் நூற்றாண்டுக்காரர். வைகிங்குகள் அயர்லாந்துக்கு வந்தது 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில். கேலியும் கூடவே வளர்ந்தது. வேலையிடத்து நச்சுப் பொருள்கள் பற்றிய விஸ்கான்சின் மாநிலச் சட்டம், லூட்டஃபிஸ்க் நச்சுப் பொருள் ஆகாது என்று பெயர் சொல்லியே விலக்களிக்கிறது.

சாக்கடை அடைப்பு நீக்கும் காரத்தை உணவில் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். ஜெர்மானியர் பிரெட்ஸெல் மாவை அதே காரத்தில் முக்கி எடுக்கிறார்கள், ஸ்பெயினில் பச்சை ஆலிவ் காய்களின் கசப்பை எடுப்பதும் அதுதான். நம் வீட்டு அப்பளத்துக்கும் அப்பளக்காரம் வேண்டும். நன்றாக அலசிய பிறகு மீனிலும் காரம் ஒரு பொருட்டல்ல. வாடையும் வழுவழுப்பும் மெய்தான், அவை பிடிக்காதவர்களோடு எனக்கு வாதமில்லை. நார்வேயிலேயே இன்று கிறிஸ்துமஸ் இரவில் பன்றி விலாவும் உப்பிட்டு உலர்த்திய ஆட்டு விலாவும்தான் பெரும்பாலான வீடுகளை ஆள்கின்றன. லூட்டஃபிஸ்க்கைத் தேடுகிறவர்கள் நவம்பரிலேயே உணவகங்களுக்குப் போய், பன்றிக் கொழுப்பும் பட்டாணி மசியலும் உருளைக்கிழங்கும் சேர்த்து உண்கிறார்கள். வேறு உணவுக்குக் குறைவில்லாதவர்கள், காசு கொடுத்து, விரும்பித் தின்கிறார்கள்.

தேவாலய விருந்து மேசைகளில் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவைத்தால் தள்ளிவைக்கட்டும். அவர்களுக்குக் கதை சொல்லும் பெரியவர்கள் மட்டும் பஞ்சத்தையும் பேட்ரிக்கையும் விட்டுவிட்டு, டிசம்பர் 9-ஆம் தேதி மீனை ஊறப்போட்டு நாள் எண்ணிய வீடுகளைப் பற்றிச் சொல்லட்டும்.